மூட்டு மேஸ்திரியின் வயிற்றெரிச்சல்

டயர் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே போகிற சந்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. உள்ளே இரண்டு வேலை மேசைகள். ஒன்று கதவுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில். இன்னொன்று பின்சுவர் ஓரம், பலகைகள் சாய்த்து வைத்த மூலையில். பின்மேசைக்காரர்தான் நம் ஆள். அக்கம்பக்கத்தில் அவருக்கு மூட்டு மேஸ்திரி என்று பெயர். அந்தப் பெயரை நம்பி ஒருமுறை முழங்கால் வலிக்கு எண்ணெய் கேட்டு ஒரு பெரியவர் வந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தான் பார்ப்பது மரத்தின் மூட்டு என்று புரியவைப்பதற்குள் மேஸ்திரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முன்மேசைக்காரர் அவருடைய சகலை. மேஸ்திரியின் மனைவிக்குத் தங்கை ஒருத்தி, அவளைக் கட்டியவர். வயதில் இளையவர். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டுக்கை. யாருக்கு என்ன கிடைத்தது என்று பெயரிலேயே தெரிகிறதல்லவா?

இருவரும் சேர்ந்து செய்வது அலங்காரப் பெட்டிகள். நகை வைக்க, கடிதம் வைக்க, ஒன்றும் வைக்காமல் கூடத்தில் அழகுக்கு வைக்க. பலகையை அறுத்து, இழைத்து, பெட்டியாகக் கோப்பது மேஸ்திரியின் வேலை. அவர் ஆணி அடிக்க மாட்டார். ஒரு பலகையின் ஓரத்தைப் புறா வால் விரித்த மாதிரி வரிசையாக வெட்டுவார். அடுத்த பலகையில் அதற்குச் சரியான பள்ளங்கள் வெட்டுவார். இரண்டையும் உள்ளங்கையால் தட்டிக் கோத்தால், பிறகு யானை வந்து இழுத்தாலும் பிரியாது. புறாவால் மூட்டு என்பார்கள். ரம்பம் கோட்டின் மேல் போகக்கூடாது, கோட்டுக்கு வெளியேயும் போகக்கூடாது, கோட்டை உரசிக்கொண்டு போகவேண்டும். கோத்தபின் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு மயிரிழை வெளிச்சம்கூட ஊடே வரக்கூடாது. மேஸ்திரியின் மூட்டில் வராது.

அதற்குப் பிறகு பெட்டி முன்மேசைக்குப் போகும். அங்கே பட்டுக்கை அதன்மேல் வெனீர் ஒட்டுவார். விலையுயர்ந்த மரத்தைக் காகிதம் போலச் சீவியெடுத்த மெல்லிய தாள்தான் வெனீர். அலையலையாக ரேகை ஓடும் தாள்களைத் தேடியெடுத்து, கண்ணாடியில் பார்த்தது போல இடமும் வலமும் பொருந்தச் சேர்த்து, மூடியின் நடுவே ஒரு பூ விரிந்தது போல ஒட்டிவிடுவார். பாலிஷ் போட்டதும் பெட்டி கண்ணைப் பறிக்கும். மேஸ்திரியின் மூட்டு? அது வெனீருக்கு அடியில் போய்விடும். ஒரே ஒரு கோடுகூட வெளியே தெரியாது.

இதுதான் அவருடைய வாழ்நாள் வயிற்றெரிச்சல். வருகிறவர்கள் பெட்டியைத் தடவிப் பார்ப்பார்கள். "என்னமா வழவழன்னு இருக்கு" என்பார்கள். மூடியைத் திறந்து மூடி, கன்னத்தில் கூட வைத்துப் பார்ப்பார்கள். பட்டுக்கையோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "அவர் உங்களுக்கு உதவிக்கா?" என்று கேட்டாள். அன்றைக்கு மேஸ்திரி கையிலிருந்த பலகையை இழைத்தார், இழைத்தார், அது பெட்டிக்கும் ஆகாமல் அடுப்புக்கும் ஆகாமல் வெறும் சுருளாகிப் போகும்வரை இழைத்தார்.

"மூடப் போற இடத்துக்கு எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடறீங்க? ரெண்டு ஆணி அடிச்சா ஆகாதா?" என்று மனைவிகூடக் கேட்டிருக்கிறாள்.

"மூடினா இல்லைன்னு ஆயிடுமா?" என்பார் மேஸ்திரி. சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். மனசுக்குள், இல்லையென்றுதானே ஆகிவிடுகிறது என்று காந்தும்.

பட்டுக்கை கெட்ட மனிதராக இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்து ஆறியிருக்கலாம். அதற்கும் வழியில்லை. யார் பாராட்டினாலும் பட்டுக்கை பின்மேசையைக் கை காட்டி, "எல்லாம் அண்ணன் அடிச்ச பெட்டிங்க. நான் மேல சட்டை போட்டு விடறேன், அவ்வளவுதான்" என்பார். கேட்டவர்கள் திரும்பிப் பார்ப்பார்களா? மாட்டார்கள். இவ்வளவு திறமை இருந்தும் என்ன அடக்கம் பாருங்கள் என்று பட்டுக்கையையே இன்னும் ஒரு பங்கு கூடுதலாகப் பாராட்டிவிட்டுப் போவார்கள். அடக்கத்தில்கூட அவன்தான் பேர் வாங்குகிறான் என்று மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொள்வார்.

சரி, ஊரார் போகட்டும் என்று விட்டிருப்பார். விஷயம் மகளிடம் வந்தபோதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

மேஸ்திரிக்கு ஒரே மகள். பட்டுக்கைக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்கு வருவாள். பின்மேசைக்கு வந்து அப்பாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டு மிட்டாய் இருக்கிறதா என்று பார்ப்பாள். எடுத்துக்கொண்டு முன்மேசைக்குப் போய்விடுவாள். அங்கே வெட்டி எறிந்த வெனீர்த் துண்டுகளில் மீன், நிலா, பூ என்று கத்தரித்து ஒட்டிக்கொண்டிருப்பாள். மிட்டாய் இவர் வாங்கித் தந்தது, சாயங்காலம் முழுக்க அவனுக்கு.

வளர்ந்து, செயற்கைப் பல் செய்கிற கூடத்தில் வேலை கற்றுக்கொண்டாள். மெழுகில் அவள் செதுக்குகிற பல், வாயில் முளைத்தது போலவே இருக்கும் என்று எல்லாரும் மெச்சினார்கள். உறவுக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அப்படியே சித்தப்பா கை."

மேஸ்திரிக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். அந்தச் சித்தப்பாவுக்கும் அவளுக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது. சித்தியைக் கட்டிக்கொண்டு வந்த மனிதர். கை மட்டும் எந்த வழியாக இறங்கியதாம்? இதை அவர் மனைவியிடம் ஒருநாள் கேட்டே விட்டார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றாள். அதற்கு மேல் அந்த வீட்டில் அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை.

இப்படி இருக்கையில் மகளுக்கு வேறொரு நகரத்தில், பெரிய கூடத்தில் வேலை கிடைத்தது. சேதியைச் சொல்லக் காலையில் பட்டறைக்கு ஓடிவந்தாள். இருவருக்கும் டீ வாங்கி வந்திருந்தாள். பட்டுக்கையின் மேசை ஓரமாக நின்றுகொண்டு கேட்டாள்.

"சித்தப்பா, எனக்கு ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. அங்க என் ரூம்ல மேசை மேல வச்சுக்கணும். நம்ம வீட்டுலேருந்து ஒண்ணாவது என்கூட இருக்கணும்ல."

பின்மேசையில் மேஸ்திரி உளியைக் கீழே வைத்தார். பார்வை தன் பக்கமும் வரும் என்று நிமிர்ந்து காத்திருந்தார். வந்தது.

"அப்பா, டீ ஆறுது. குடிங்க" என்றாள் மகள்.

பட்டுக்கைதான் திரும்பிச் சொன்னார். "அண்ணே, பாப்பாவுக்குப் பெட்டி. நல்லதா ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"அடிக்கறேன்" என்றார் மேஸ்திரி. டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகப் பேச்சைக் கிளப்பிப் பார்த்தார். "மேல ஒண்ணும் ஒட்டாம அப்படியே வச்சுக்கோயேம்மா. பாலிஷ் மட்டும் போட்டாப் போதும். மரம் மரமா இருக்கும்."

"வெறும் மரமாவாப்பா? சித்தப்பா டிசைனே வரைஞ்சு காமிச்சுட்டார். மூடியில எட்டு இதழ் வருது" என்றாள் மகள். கண்ணெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்து ஒரு தகப்பன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இவருக்கு அடிவயிற்றில் தீப்பிடித்தது.

பட்டறையில் பலகைகள் இரண்டு அடுக்காக இருந்தன. சுவரை ஒட்டி நிற்பவை நன்றாகக் காய்ந்தவை. விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்கும். கதவோரம் கிடந்தவை புதிதாக அறுத்து வந்தவை. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம். அவற்றைப் பெட்டிக்கு எடுக்கக்கூடாது என்பது அந்தத் தொழிலில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும். காரணம் இதுதான். மரம் காயும்போது அதன் தடிமன் குறையும், நீளம் குறையாது. ஈரப் பலகையில் மூட்டு வெட்டிக் கோத்தால், நாளாக ஆக பலகை மெலிந்து உள்ளே இறங்கும். ஊடே வந்து நிற்கிற புறாவாலின் நுனி மட்டும் இறங்காமல் அப்படியே நிற்கும். மேலே ஒட்டிய வெனீர் மெல்லிசு. அடியில் இருக்கிற மேட்டையும் பள்ளத்தையும் அதனால் மறைக்க முடியாது. மூட்டின் வடிவம் அப்படியே வெளியே எழும்பி வந்துவிடும்.

பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? வெனீர் சரியாக ஒட்டவில்லை என்பார்கள்.

மேஸ்திரி சுவரோரப் பலகையையும் தட்டிப் பார்த்தார், கதவோரப் பலகையையும் தட்டிப் பார்த்தார். கதவோரத்திலிருந்து எடுத்தார்.

தெரிந்தேதான் எடுத்தார். அதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. அவருக்குத்தான் இருந்தது. கெடுக்கவேண்டும் என்று எடுக்கவில்லை, என் வேலை ஒருநாளாவது வெளியே தலைகாட்டட்டும் என்றுதானே எடுக்கிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்படியானால் காய்ந்த மரத்தில் அடித்து, ஒட்டாதே என்று சண்டை போட்டிருக்கலாமே? அதற்கு வாய் வரவில்லை. வஞ்சத்துக்குக் கை வந்தது.

ஆனால் வேலை செய்தார் பாருங்கள், அப்படி அவர் அதுவரை செய்ததில்லை. கத்தி முனையால் கோடு கிழித்தார். வால்களுக்கு நடுவே விட்ட கழுத்து ரம்பத்தகடு நுழைகிற அளவுக்குத்தான் இருந்தது. உளியை ஒவ்வொரு தடவையும் கல்லில் தீட்டிக்கொண்டு, பாதி இந்தப் பக்கமிருந்து, பாதி அந்தப் பக்கமிருந்து வெட்டினார். கோத்தபோது பலகைகள் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தத்தோடு உட்கார்ந்தன. மேஸ்திரி பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் நான்கு பக்கமும் பார்த்தார். மகளுக்கு என்று நினைத்து வெட்டினாரா, சகலையை நினைத்து வெட்டினாரா என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது.

பட்டுக்கை பெட்டியை வாங்கியதும் வழக்கம் போலக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"அண்ணே, லேசா குளிர்ற மாதிரி இருக்கே. காய்ஞ்ச பலகைதானே?"

"ஏன், என் பொண்ணு பெட்டிக்கு நான் பாக்காமலா எடுப்பேன்?"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பட்டுக்கை அவர் முகத்தைப் பார்த்தார். "அதுக்கில்லண்ணே. நீங்க சொன்னா சரி" என்றார். மரம் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தார்.

எட்டு இதழும் வந்தது. பெட்டியைப் பார்த்ததும் மகள் சித்தப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அப்பாவிடம் வந்து, "உங்களுக்கும் தேங்க்ஸ்ப்பா" என்றாள். அந்த 'உம்' மேஸ்திரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனாள்.

அதன்பிறகு மகள் எப்போது போன் செய்தாலும் மேஸ்திரி கேட்கிற முதல் கேள்வி, "பெட்டி எப்படி இருக்கு?"

"பொண்ணு எப்படி இருக்கான்னு கேக்கற அப்பாவைப் பாத்திருக்கேன். பெட்டி எப்படி இருக்குன்னு கேக்கற அப்பாவை இங்கதான் பாக்கறேன்" என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

பெட்டி நன்றாகத்தான் இருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களாம். யார் செய்தது என்று கேட்கிறார்களாம். "எங்க சித்தப்பான்னு சொன்னேன்ப்பா" என்றாள் மகள். மேஸ்திரி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றார். காயட்டும், காயட்டும் என்று மனசு கறுவியது.

காய்ந்தது. அவளுடைய அறையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும் போலிருக்கிறது, எதிர்பார்த்ததைவிட வேகமாகவே காய்ந்திருக்கிறது. விடுமுறைக்கு வந்தவள் வீட்டுக்குப் போவதற்கு முன் நேராகப் பட்டறைக்கு வந்தாள். துண்டைப் பிரித்து, பெட்டியை முன்மேசையில் வைத்தாள்.

மேஸ்திரி எழுந்து வந்தார். நான்கு மூலையிலும் மூட்டு எழுந்து நின்றது. பாலிஷின் மேல் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு வந்து, மூலையில் தட்டித் தடுமாறியது. ஒவ்வொரு வாலும் தெரிந்தது. வாலுக்கு நடுவே அந்த ஊசிக் கழுத்தும் தெரிந்தது. தன் கைவேலையைப் பகல் வெளிச்சத்தில், வெனீருக்கு மேலே, முதல்முறையாகப் பார்த்தார். இதழோரத்தில் ஒரு வெடிப்பும் ஓடியிருந்தது.

"என்ன சித்தப்பா இது? எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப துணி போட்டு மூடி வச்சிருக்கேன்" என்றாள் மகள். குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது.

மேஸ்திரிக்குக் காதில் தேன் பாய்ந்தது. இத்தனை வருஷத்தில் பட்டுக்கையைப் பார்த்து யாரும் இந்தக் குரலில் பேசிக் கேட்டதில்லை. அதுவும் மகள். அவர் உதட்டை மடித்துக்கொண்டு நின்றார்.

பட்டுக்கை மூலையை விரலால் தடவினார். மெதுவாக, ஒவ்வொரு வாலாக. பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். ஒரு கண நேரம்தான். பார்வையைப் பெட்டிக்குத் திருப்பிக்கொண்டார்.

"என் தப்பும்மா. அவசரப்பட்டு ஒட்டிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் ஆறப் போட்டிருக்கணும். குடு, உரிச்சுட்டுப் புதுசா ஒட்டித் தரேன்."

மகளின் முகம் அப்படியே இளகிப் போயிற்று. "அய்யய்யோ, பரவால்ல சித்தப்பா. நான் ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. தப்பு செய்தால்கூட அவன் கையைத்தான் பிடிக்கிறாள்.

சலவைக் கடையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி வந்தார்கள். ஈரத்துணியை விரித்து, மேலே சூடு வைத்தால் வச்சிரம் இளகும். பட்டுக்கை மெல்லிய தகட்டை அடியில் விட்டு வெனீரை உரித்துக்கொண்டே வந்தார். எட்டு இதழும் சுருண்டு சுருண்டு விழுந்தது. வெந்நீரில் நனைத்த துணியால் பசையைத் துடைத்தார்கள். பெட்டி வெறும் மேனியாக நின்றது.

மகள் குனிந்தாள். மூலைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். நகத்தால் இடுக்கைத் தேடினாள், கிடைக்கவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று தேடித் தேடிப் பழகிய கண் அவளுடையது.

"அப்பா, இது நீங்க பண்ணதா?"

"ம்."

"எங்கயுமே இடுக்கு இல்லயேப்பா. நான் எத்தனை பெட்டி பாத்திருக்கேன் இங்க. உக்காந்து பாத்ததே இல்லயே இதை."

இதைக் கேட்கத்தான் அவர் இத்தனை காலம் உயிரை வைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. மேஸ்திரிக்கு நெஞ்சு விம்மியது. சகலையும் பக்கத்தில் நிற்கிறான், அவன் காதிலும் விழுகிறது. இந்த இடத்தோடு நின்றிருந்தால் கதை அவருக்குச் சுபமாக முடிந்திருக்கும்.

மகள் நிமிர்ந்து சிரித்தாள். "வேலை வேலைதான். ஆனா சித்தப்பாகிட்ட ஒண்ணு கத்துக்கணும்ப்பா நீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் ஒரு வார்த்தை இழுக்காம ஒத்துக்கிட்டார் பாருங்க. நீங்க என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?"

கேலியாகத்தான் சொன்னாள். மேஸ்திரிக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. வழவழப்பில் அவன் பேர் வாங்கினான், அடக்கத்தில் வாங்கினான், என் மகளின் கையில் வந்த திறமைக்கும் அவனே பேர் வாங்கினான். இப்போது நான் செய்த தப்பைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு அதிலும் பேர் வாங்குகிறான். என் தப்பையாவது எனக்கு விடக்கூடாதா?

"அவன் ஒத்துக்க என்ன இருக்கு? அவன் தப்பே இல்ல" என்றார் மேஸ்திரி. "மரம் ஈரம். எடுத்தது நான். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

நல்ல மனசு வந்து சொல்லவில்லை. விட்டுக்கொடுக்க முடியாமல் சொன்னார். சொன்னபிறகுதான் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கே விளங்கியது.

மகள் அப்பாவையும் சித்தப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சித்தப்பா, உங்களுக்குத் தெரியுமா?"

"கன்னத்துல வச்சப்பவே தெரியும்மா" என்றார் பட்டுக்கை. "அண்ணன் காய்ஞ்சதுன்னு சொன்னாரு. அதுக்கு மேல கேட்டா அவரை நம்பலன்னு ஆயிடும்."

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா?"

மேஸ்திரிக்குப் பெரிதாக ஏதேதோ சொல்லவேண்டும் போலிருந்தது. இத்தனை வருஷமும் மூலையில் நின்றது, படத்தில் வராதது, உதவிக்கா என்று கேட்டது. வாய் திறந்தபோது வந்தது வேறு.

"பெட்டி வேணும்னு நீ அவன்கிட்ட கேட்ட."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நரைத்த தலை. மகள் உரித்துப் போட்ட இதழ் ஒன்றைக் கையில் எடுத்தாள். அழப் போகிறாளா, திட்டப் போகிறாளா என்று தெரியவில்லை.

"உங்ககிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லப்பா" என்றாள். "பெட்டின்னா நீங்க அடிப்பீங்க. அதை யாராவது கேப்பாங்களா? வீட்டுல தண்ணி குடிக்கக் கேட்டுட்டா குடிக்கறோம்? சித்தப்பாவுக்கு வேற வேலை இருக்கும், அதான் அவரைக் கேட்டேன்." குரல் உடைந்தது. "இதுக்காகவா என் பெட்டியைக் கெடுத்தீங்க?"

மேஸ்திரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்மேசைக்குப் போனார். இப்போது மரம் நன்றாகக் காய்ந்திருந்தது. முட்டியால் தட்டினால் கணீரென்றது. எழுந்து நின்ற வால் நுனிகளை இழைப்புளியால் சீவி மட்டமாக்கினார். தன் கையால் எழும்ப வைத்ததைத் தன் கையால் சீவினார். மகள் வீட்டுக்குப் போகாமல் முன்மேசையருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பட்டுக்கை புதிய வெனீர் ஒட்டத் தொடங்கினார். மேல்மூடி முடிந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன. முன்பக்கம் மட்டும் மிச்சம். தாளைக் கையில் வைத்துக்கொண்டு பட்டுக்கை திரும்பினார்.

"அண்ணே, இந்தப் பக்கத்தை விட்டுடலாமா? பாலிஷ் மட்டும் போட்டுக் குடுத்துடறேன். மூட்டு தெரியட்டும். பாப்பாவுக்கும் சம்மதம்தான்."

மேஸ்திரி முன்பக்கத்தைப் பார்த்தார். வால்கள் வரிசையாக, சுத்தமாக நின்றன. விட்டுவிடு என்று சொல்ல நாக்கு துடித்தது. மகளைப் பார்த்தார். அவள் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. யாராவது அந்த மூலையைக் காட்டி இது யார் செய்தது என்று கேட்டால் எங்கள் அப்பா என்று சொல்வாள். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஈர மரமும் அவளுக்கு ஞாபகம் வரும்.

"மூடு" என்றார்.

"அண்ணே..."

"மூடு தம்பி. நல்லா இறுக்கி ஒட்டு."

மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள். நேற்றிலிருந்து அவரைப் பார்க்காமல் இருந்தவள், பார்த்தாள். கிட்டே வந்து அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரச்சுருளைத் தட்டிவிட்டாள்.

"வாங்கப்பா. பசை காயறவரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்து அழுத்திப் பிடிக்கலாம். சித்தப்பா, நீங்க நகருங்க. நாங்க பாத்துக்கறோம்."

பட்டுக்கை தாளை ஒட்டிவிட்டு நகர்ந்து கொடுத்தார். துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கத்தான் செய்தார். ஆனால் அந்த முகத்தில் ஓடியதை வேறு யாரும் கண்டிருக்க மாட்டார்கள். மேஸ்திரி கண்டுகொண்டார். அந்த வேதனையில் அவருக்குத் தெரியாத மூலை முடுக்கு கிடையாது.

பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தவர் எடுத்துவிட்டார்.

"எனக்குக் கை வலிக்குதும்மா. நீ சித்தப்பாவோட பிடி."

கை வலி ஒன்றும் இல்லை. பின்மேசைக்குப் போய் நின்று, இருவரும் தலை சாய்த்துப் பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிச் சிரிப்பதைப் பார்த்தார். வயிறு எரியத்தான் செய்தது. இருந்தாலும் போய்த் தன் இடத்தைத் திரும்பக் கேட்கவில்லை.